‘திருப்தி’ என்று அடித்த ஒரு வரி

வரலாற்றுத் துறை அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தும் அந்தப் பெயர் போகவில்லை. எவ்வளவு கோணல் கையெழுத்தானாலும் படித்துவிடுவாள். “டாக்டர் சீட்டை அக்காகிட்ட குடுங்க, வியாதியையும் சேர்த்துச் சொல்லுவாங்க” என்பார் பியூன்.

ஒரு வருடம், பாடத்திட்டம் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். நூற்று நாற்பது படிவங்கள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே குறைதான்: நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்கள் எழுதிய வரலாற்றையே இன்னும் படிக்கிறோம், நம் ஆட்கள் எழுதிய புத்தகம் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘எங்கள் தாத்தாவின் அப்பா மண் சுமந்த அணை. கட்டியது யார் என்று கேட்டால், அவர்களுடைய இன்ஜினியர் பெயரை எழுதினால்தான் மார்க்.’

எல்லாவற்றையும் தொகுத்து இரண்டு பக்கம் அடித்துக் கொண்டுபோனாள். துறைத்தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது மேல போனா அத்தனை பாடத்தையும் நாமதாம்மா மாத்தி எழுதணும். பெரும்பாலானவங்களுக்குத் திருப்தின்னு ஒரு வரியில முடிச்சிடுங்க.”

அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு அப்போது அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அடித்தாள். படிவங்கள் கழிவுத்தாளோடு போயின.

பதினொரு வருடம் கழித்து அவளுடைய மகள் அதே துறையில் படித்தாள். பாடத்தை மாற்றச் சொல்லி அவளும் கூடப் படிப்பவர்களும் பாடத்திட்டக் குழுவிடம் மனுக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் பையை நாற்காலியில் வீசினாள்.

“பழைய அறிக்கையைக் காட்டுறாங்கம்மா. முன்னாடி படிச்சவங்களுக்கெல்லாம் திருப்தியாம். உங்களை யாரு தூண்டிவிட்டதுன்னு கேக்குறாங்க.”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “அது நான் அடிச்சதுடி.”

“நீ என்ன பண்ணுவே? அவங்க குடுத்ததைத்தானே அடிச்சே?”

“பொய்னு தெரிஞ்சே அடிச்சேன்.”

மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “மாத்தணும்னு எத்தனை பேர் எழுதியிருந்தாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“எண்பத்தி மூணு.”

“எண்ணிட்டுத்தான் தூக்கிப் போட்டிருக்கே.”

மறுநாள் அம்மா நினைவிலிருந்த ஏழு படிவங்களை வரி பிசகாமல் எழுதிக் குழுவிடம் கொண்டுபோனாள். குழுத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“படிவம் இருக்காம்மா?”

“இல்லைங்க.”

“அப்போ உங்க ஞாபகத்தை வெச்சு நாங்க என்ன பண்றது?”

மனு திரும்பி வந்தது. தவறான அறிக்கை தந்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்குத்தான் மெமோ வந்தது. பழைய துறைத்தலைவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். மாணவர்கள் மறுபடி கருத்துத் திரட்டினார்கள். நம்மவர் எழுதிய இரண்டு புத்தகங்கள் விருப்பப் பாடத்தில் சேர்ந்தபோது மகள் படித்து முடித்து வெளியே போயிருந்தாள்.

இப்போது மகள் வேறொரு ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். வாரம் தவறாமல் போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று விசாரிப்பாள். வகுப்பில் என்ன நடத்துகிறாள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மாவும் கேட்பதில்லை.