பாஷாணமும் அகத்திக்கீரையும்

பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பேஸ்ட்டை மாற்றினேன். பிறகு எங்கும் இடிக்காமலே தொடையில் கன்றிப்போனது. ராஜபாளையத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மதுரைக்குப் போகச் சொன்னார். தொண்ணூறுகளின் கடைசி அது.

ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை (முதிராத வெள்ளணுக்கள் பெருகி, ரத்தம் உறையாமல் போவது). முதல் மருந்துக்கு அடங்கி, சில மாதத்தில் திரும்பி வந்தது. இனி ஆர்செனிக்தான் என்றார் மதுரை டாக்டரம்மா. அதாவது பாஷாணம். நீங்களும் இதைக் கேட்க நேர்ந்தால் பயப்படுங்கள், தப்பில்லை. நான் அழுதேவிட்டேன்.

என் கணவரின் தங்கை செண்பகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் சோறு கொண்டுவருவாள். பாஷாணம் ஏற்றத் தொடங்கியதிலிருந்து தூக்குச்சட்டியில் ஒரே அகத்திக்கீரை. நானும் ருசித்துச் சாப்பிட்டேன். எங்கள் பக்கம் நாட்டு மருந்து எடுப்பவர்கள் அகத்தியைத் தொட மாட்டார்கள். மருந்தை முறித்துவிடும் என்பார்கள். இவள் அதற்காகவே சமைத்திருக்கிறாள், பாஷாணம் முறியட்டும் என்று! கணவர் சொல்லித் தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கிருந்த கடைசி மருந்து அது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். கீரையால் ஒன்றும் ஆகாது என்று கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். செல்லின் கருவுக்குள் கெட்டுப்போன ஒரு புரதம்தான் நோய்க்கு வேர். பாஷாணம் உள்ளே போனதும் அதன்மேல் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைச் செல்லே அழித்துவிடும். ஆனால் அந்தத் துணுக்குகளை வெட்டியெடுக்கிற நொதிகளும் (வேலையை விரைவாக்கும் புரதங்கள்) அங்கேயே உண்டு. இதெல்லாம் இப்போதுதான் தெரியவருகிறது என்றார்.

“அப்ப முறிக்கிற ஆளு எனக்குள்ளயே இருக்கா? அதைக் கொன்னுட்டா என்ன?”

“கொன்னா நல்ல செல்லும் பிழைக்காதும்மா. ஒட்டுறதும் வேணும், எடுக்கிறதும் வேணும். இப்போதைக்கு ஒட்டுறது முந்தணும், அம்புட்டுதான்.”

செண்பகத்தைத் திட்டலாம் என்றிருந்தேன். அவளோ வந்ததும் வராததுமாகக் கண்ணைக் கசக்கினாள். “விஷத்த ஏத்துறாகன்னா நான் எப்படி மதினி சும்மா இருக்க?” எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கத்தரிக்காய்.

ஒட்டுவது முந்தியது. எலும்பு மஜ்ஜைச் சோதனையில் நோய் இல்லை.

பழைய உடம்பு திரும்பவில்லை. இது வேறு உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளே ஒட்டுவதும் எடுப்பதுமாக ஓயாத வேலை நடக்கிறது என்று தெரிந்தபின், சோம்பேறி என்று யார் சொன்னாலும் உறைப்பதில்லை. நாள்கள்தான் வெகுநாள் சுருங்கியே கிடந்தன. அரிசி, பருப்பு எல்லாமே அடுத்த சோதனை வரைக்கும்தான் வாங்குவேன்.

அப்படியிருந்த ஒரு சித்திரையில், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எவ்வளவு போட என்று கேட்டார். நான் கொண்டுபோயிருந்தது சின்ன பாட்டில். அதை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

“ஒரு வருசத்துக்கு வர்ற மாதிரி போடுங்கக்கா.”