காஸாவில் தண்ணீர் லாரி ஓட்டிய அடைக்கலம்

விராலிமலை வாலிபர் வாசகசாலையில் 1967 ஜூலை மாதம் நடந்த விவாதக் கூட்டத்தின் நோட்டீசில் அடைக்கலத்தின் பெயர் இல்லை. மணப்பாறை டிரிப்பை முடித்து, பஸ்ஸை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். 'பாலஸ்தீனப் பிரச்சினையில் நியாயம் யார் பக்கம்?' என்பது தலைப்பு. கூட்டத்துக்கு வந்திருந்த எண்பது பேரில் அந்த மண்ணை மிதித்தவர் அவர் ஒருவர்தான்.

அடைக்கலத்துக்குச் சொந்த ஊர் ஆவூர், கிறிஸ்தவக் குடும்பம். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் லாரி கிளீனராகி, திருச்சி-கொச்சி லைனில் இரண்டு வருஷம் போய் வந்தார். மலையாளம் அப்போது காதில் ஏறியது. 1952-இல் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்றார், மார்பளவு சரியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். சப்ளைப் பிரிவில் டிரைவர் வேலை.

1959 கடைசியில் அவரை ஐ.நா. அமைதிப் படைக்கு அனுப்பினார்கள். பம்பாயில் கப்பல் ஏறி போர்ட் சையதில் இறங்கி, அங்கிருந்து காஸா. அவருடைய அம்மா ஆவூர் முழுக்க, "எம் மகன் ஜெருசலேமுக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார். அது வேறு, இது வேறு என்று கடிதத்தில் எழுதிப் பார்த்தார் அடைக்கலம். அம்மா மாற்றிக்கொள்ளவில்லை.

1948 சண்டைக்குப் பிறகு காஸா எகிப்தின் கையில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இஸ்ரேல். நடுவில் ஒரு பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஆடு தாண்டிவிடும், அவ்வளவுதான் அதன் ஆழம். அந்தப் பள்ளத்தின் இந்தப் பக்கம் நீலத் தொப்பி போட்ட ஐ.நா. வீரர்கள் காவல் நின்றார்கள். ரஃபா முகாமிலிருந்து காவல் சாவடிகளுக்குத் தண்ணீரும் ரேஷனும் கொண்டுபோவது அடைக்கலத்தின் வேலை. போகும் வழியெல்லாம் அகதிகளின் குடியிருப்பு. மண் சுவர், தகரக் கூரை, ரேஷனுக்கு வரிசை. பள்ளத்துக்கு அப்பால் டிராக்டர் ஓடும், கோதுமை விளையும், குழாய் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். தினமும் இரண்டையும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

முகாமில் வீரர்களின் துணி வெளுத்துக் கொடுத்தவர் சலீம். நாற்பது வயதிருக்கும். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் பேசுவார். அடைக்கலத்தின் இங்கிலீஷும் அதே தரத்தில் இருந்ததால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. சலீமின் சொந்த ஊர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நாலு மைலில் இருந்தது. நாற்பத்தெட்டில் பீரங்கிச் சத்தம் கேட்டு ஊரே கிளம்பியதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, பசுவைக் கட்டிப்போட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாராம். பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சாவடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு மேடும் இரண்டு அத்திமரமும் தெரியும். அதுதான் ஊர் என்று விரலை நீட்டிக் காட்டினார்.

அதே சாவடியில்தான் ஒருநாள் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய்! நாட்டில் எவிடெயா?"

ஊரில் எந்த இடம் என்று மலையாளத்தில் கேள்வி. அடைக்கலம் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். இஸ்ரேல் பட்டாளச் சட்டையில் ஒரு பையன் நின்றான். இருபது வயது, நல்ல கறுப்பு, சுருட்டை முடி. ஏலியா என்று பெயர். எர்ணாகுளம் யூதத் தெருவில் பிறந்து, பதினான்கு வயதில் அப்பா அம்மாவோடு கப்பல் ஏறியவன். இந்தியச் சிப்பாய்கள் பேசுவது கேட்டு நாலு நாளாகக் காத்திருந்தானாம். எல்லையைத் தாண்டிப் பேசக்கூடாது என்று உத்தரவு இருந்தது. சாவடியில் இருந்த ஹவில்தார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கொச்சியில யாராச்சும் அடிச்சு விரட்டினாங்களா?" என்று அரைகுறை மலையாளத்தில் கேட்டார் அடைக்கலம்.

இல்லை என்றான் ஏலியா. கொச்சியில் ஒருவரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. ஆனாலும் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து தொழுகையில் இந்த மண்ணின் பேரைச் சொல்லி வந்தவர்கள், வழி திறந்ததும் வந்துவிட்டார்கள். அப்பா இப்போது கோழி வளர்க்கிறார். இங்கே பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். தங்களை மதிப்பதில்லை என்று ஒரு குறையும் சொன்னான். எர்ணாகுளத்தில் வீட்டை விற்க முடியாமல் தங்கிவிட்ட ரபேக்கா அத்தையிடம், தான் நன்றாக இருப்பதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

இந்தச் சமாசாரத்தை அடைக்கலம் சலீமிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. சலீம் மறுநாள் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் வந்தார். "அந்தப் பையனிடம் ஒன்று கேட்டுச் சொல். அத்திமரத்துக்குக் கிழக்கே என் வீடு. யார் இருக்கிறார்கள்?"

அடைக்கலம் கேட்டார். ஏலியா திரும்பி அந்த மேட்டைப் பார்த்தான். "அவிடெ வீடில்லல்லோ" என்றான். கோதுமை வயலும் இரண்டு மரமும்தான் இருக்கின்றன. ஊர் ஒன்று இருந்ததென்றே தனக்குத் தெரியாது என்றான்.

முகாமுக்குத் திரும்பிய அடைக்கலம், பையனைப் பார்க்க முடியவில்லை என்று சலீமிடம் பொய் சொன்னார். இரண்டு மாதம் அதையே சொன்னார். 1960 டிசம்பரில் ஊர் திரும்ப மூட்டை கட்டியபோதுதான் மனசு கேட்கவில்லை. போய் உண்மையைச் சொன்னார். சலீம் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "உன் சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது. கொடுத்துவிட்டுப் போ, தைத்து வைக்கிறேன்" என்றார். மறுநாள் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு அடைக்கலம் கிளம்பினார்.

அடுத்த வருஷம் லீவில் வந்தபோது அடைக்கலம் எர்ணாகுளம் போய் ரபேக்கா அத்தையைக் கண்டுபிடித்துச் செய்தியைச் சொன்னார். அந்த அம்மாள் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டு, தன் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

1964-இல் பட்டாளத்தை விட்டு வந்தார். சவரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு விராலிமலையில் குடியேறினார். காங்கிரஸ்காரரான முத்துராமனின் மச்சானுக்கு நாலு பஸ் ஓடியது. அதில் ஒன்றில் டிரைவர் வேலை கிடைத்தது.

1967 ஜூனில் மறுபடி போர் மூண்டது. ஆறே நாள். காஸாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலரும் குண்டுபட்டுச் செத்தார்கள் என்று பேப்பரில் வந்தது. பெயர்கள் வரவில்லை. அடைக்கலம் மூன்று நாள் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்தார். சவரியம்மாள், "ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?" என்று கேட்டதற்கு, "தெரியலையே, அதான்" என்றார்.

ஊரில் அப்போது இதே பேச்சுதான். பிப்ரவரித் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்ட சுதந்திராக் கட்சிக்காரர்களும் முஸ்லிம் லீக்காரர்களும் இந்த விஷயத்தில் எதிரெதிராக நின்றார்கள். தி.மு.க.காரர்கள் இருவருக்கும் நடுவில் அகப்பட்டு, வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கூட்டணிக்காரர்கள் யாரும் மேடையேற வராததால், விவாதத்தில் இஸ்ரேல் பக்கம் பேச ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஆத்மநாதனும், அரபு நாடுகள் பக்கம் பேச முத்துராமனும் ஏற்பாடானார்கள்.

ஆத்மநாதன் தெளிவாகப் பேசினார். ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைப் பறிகொடுத்த இனம் தலைசாய்க்க ஓரிடம் கேட்டது தவறா என்றார். பாலைவனத்தைப் பசுஞ்சோலை ஆக்கியவர்கள் என்றார். "அங்கிருந்த அரேபியர்களை யாரும் விரட்டவில்லை. தங்கள் தலைவர்கள் சொன்னதைக் கேட்டு அவர்களாகவே வெளியேறினார்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது.

முத்துராமன் குரலை உயர்த்தினார். ஜெர்மனி செய்த பாவத்துக்கு ஜெர்மனியில் அல்லவா இடம் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்டார். "இவங்க அத்தனை பேரும் வெள்ளைக்காரன் கப்பலேத்தி அனுப்பிச்ச வெள்ளைத்தோலுக்காரங்க. வந்த கடல்லயே தூக்கிப் போடணும்!" அதற்கும் கைதட்டல்.

பாதிக் கூட்டம் திரும்பி, சுவரோரம் இருந்த நைனா முகம்மதைப் பார்த்தது. அவர் கோட்டைப்பட்டினத்திலிருந்து வாராவாரம் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருபவர். "எதுக்குங்க என்னையப் பாக்குறீங்க?" என்றார் அவர். "நானும் ஒங்களாட்டம் கேக்கத்தான் வந்தேன். அந்தா ஒக்காந்திருக்காரு பாருங்க டிரைவரு, அவரு அங்கனயே இருந்துட்டு வந்தவரு. அவரைக் கேளுங்க."

கூட்டம் அடைக்கலத்தின் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றார். மைக்கிடம் போகவில்லை, நின்ற இடத்திலேயே பேசினார்.

"சார் சொன்ன பச்சை வயல நானும் பாத்தேங்க. பொய் இல்ல. ஆனா அவுகளாப் போனாகனு சொல்லாதீங்க சார். எனக்குத் துணி வெளுத்தவரு பசுவுக்குத் தொட்டித் தண்ணி ஊத்திட்டு வந்தவரு. தானாப் போறவன் பசுவ விட்டுட்டா போவான்? அவரு ஊரு இருந்த எடத்துல இப்ப ஒரு செங்கல்லு கெடையாது."

முத்துராமன் பக்கத்தார் பலமாகத் தட்டினார்கள். அடைக்கலம் அது அடங்கும்வரை நின்றார்.

"அய்யா வெள்ளைத்தோலுனு சொன்னாரு. நான் பேசுன பையன் என்னைய விடக் கறுப்பு. கொச்சிக்காரன். கடல்ல தூக்கிப் போடணும்னா அவனை எந்தக் கடல்ல போடுறது? நம்ம கடல்லயா?"

இந்த முறை யாரும் தட்டவில்லை. கூட்டத் தலைவர், "சரிப்பா, நியாயம் யார் பக்கம்? அதைச் சொல்லுங்க" என்றார்.

"எனக்குச் சொல்லத் தெரியலைங்க. கண்ணால பாத்ததச் சொன்னேன்."

கடைசியில் கைதூக்கச் சொல்லி எண்ணினார்கள். முத்துராமன் பக்கம் ஏழு கை கூடுதல். அடைக்கலம் எதற்கும் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "பட்டாளத்துல இருந்துட்டு இதுக்குக்கூடவா பயம்?" என்றார்.

அடுத்த வாரமே, அவர் இடையிடையே ஓட்டிவந்த மதுரை லைனிலிருந்து அவரை எடுத்து முழுக்க மணப்பாறைக்கு மாற்றினார்கள். அதற்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று முத்துராமனின் மச்சானான முதலாளி சொன்னார். இருக்கலாம். முத்துராமன் மட்டும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதா கோயில் உபதேசியார் வேறு வழியில் பிடித்துக்கொண்டு, அது ஆண்டவர் அவர்களுக்கு வாக்குக் கொடுத்த நாடல்லவா, வேதக்காரன் நீயே இப்படிப் பேசலாமா என்றார். ஆக, இரண்டு பக்கமும் கெட்ட பேர்.

ஆத்மநாதன்தான் வீடு தேடி வந்தார். கக்கத்தில் பெரிய தேசப்படப் புத்தகம்.

"முப்பது வருஷம் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்கு மாட்டிக் காட்டியிருக்கேன். அந்தச் சலவைக்காரர் ஊர் எங்க வருது? காட்டுங்க பார்ப்போம்."

அடைக்கலம் விரலை வைத்த இடத்தில் படத்தில் ஒன்றுமில்லை. ஆத்மநாதன் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "என் கட்சி மாறலை, தெரியுதா? அவங்களுக்கு ஒரு நாடு வேணும்கிறதுல நான் அசையமாட்டேன். ஆனா 'அவர்களாகவே'னு சொன்னது படிச்சதுதான், தெரிஞ்சு சொன்னதில்ல."

அப்போதுதான் அடைக்கலத்துக்கு ஒரு யோசனை வந்தது. "சார், இப்ப அந்தப் பள்ளமே இல்லையில்ல? காஸா முழுக்க இஸ்ரேல்கிட்ட. அப்ப அந்தக் கொச்சிப் பையன் ஏலியா அங்கிட்டுப் போய்ப் பாக்கலாமே? சலீம் உசுரோட இருக்காரானு?"

ஆத்மநாதன் பேனாவைத் திறந்தார். ஏலியாவுக்கு அனுப்பும்படி ரபேக்கா அத்தைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார்கள். ரஃபாவில் அமைதிப் படை முகாமுக்குத் துணி வெளுத்த சலீம், வலது புருவத்தில் தழும்பு, நாலு பிள்ளைகள் என்று தெரிந்ததையெல்லாம் எழுதினார்கள்.

பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. 1968 மார்ச்சில் வந்த உறைக்குள் அத்தையின் கடிதமும் ஏலியாவின் கடிதமும் இருந்தன. ஆத்மநாதன் கூடத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார்.

ஏலியா மறுபடி பட்டாள வேலைக்கு அழைக்கப்பட்டு காஸாவுக்கே போயிருந்தான். ஓய்வு கிடைத்த ஒரு நாள் ரஃபாவில் விசாரித்து ஒரு வீட்டுக்குப் போனான். வாசலில் கொடி நிறையச் சட்டைகள் காய்ந்தன. ஒரு பெண் கதவை ஒரு சாண் திறந்தாள். சலீம் என்று இங்கே யாரும் இல்லை என்றாள். இந்தியாவிலிருந்து அடைக்கலம் கேட்டார் என்று இரண்டு முறை சொன்னான். இல்லை என்று சாத்திவிட்டாள். உள்ளே ஆண் ஒருவர் இருமும் சத்தம் கேட்டதாகவும், அதற்கு மேல் தட்டத் தனக்கு மனமில்லை என்றும் எழுதியிருந்தான்.

"துப்பாக்கியும் பட்டாளச் சட்டையுமாப் போனா யாரு சார் வெளிய வருவா?" என்றார் அடைக்கலம். "நாம சொல்லியிருக்கணும்."

"எழுதலாம். சாதாரணச் சட்டையில போகச் சொல்லி எழுதலாம்."

"சும்மா போகக்கூடாது சார். காலரத் தச்சுக் கொடுத்தீங்களே, அந்த டிரைவர்னு சொல்லச் சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாரு."

அப்படியே எழுதி, ஆத்மநாதனே தபாலாபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 1969 தொடக்கத்தில், கொச்சிக்கு லோடு போகும் ஒரு டிரைவரிடம் சொல்லி அடைக்கலம் விசாரித்தார். ரபேக்கா அத்தையும் வீட்டை விற்றுக் கப்பல் ஏறிவிட்டதாகவும், புது விலாசம் அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை என்றும் அவர் வந்து சொன்னார்.