ஏழாம் நம்பருக்கு ஒரே பூச்சு

என் மனைவிக்குப் பேட்டரி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் வேலை. பயப்பட வேண்டாம், கைகள் மட்டும்தான் உள்ளே. லித்தியத் தகடு காற்றுப் பட்டால் கறுத்துப்போகுமாம். அதனால் பெட்டியில் ஆர்கான் வாயுவை அடைத்து, ரப்பர் கையுறை வழியாகக் கையை விட்டுத் தகட்டுக்குப் பூச்சு பூசுகிறாள். மூக்கு அரித்தால் கண்ணாடியில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடம் ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறது.

நான் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். வீட்டில் இரண்டு பேருமே பூச்சுக்காரர்கள், சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

அவளுடைய மேலதிகாரி ஒரு டாக்டர். ஊசி போடுகிறவர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். எதற்கும் மூன்று பூச்சு போடச் சொல்வார். சார்ஜ் ஏறி இறங்கும்போது லித்தியம் உப்பிச் சுருங்கும்; தடித்த பூச்சு வெடிக்கும். வெடிப்பில் லித்தியம் முள் மாதிரி முளைத்து மறுபக்கத் தகட்டைத் தொட்டால் பேட்டரி காலி. அறுபது சுற்று சார்ஜ் ஏறி இறங்குவதற்குள் எல்லாப் பேட்டரியும் மண்டையைப் போட்டன.

"ஏங்க, சுவத்துல தடிமனா அடிச்சா என்னாகும்?"

"காஞ்சதும் பாளம் பாளமா பேந்துடும்."

"இதத்தான் அந்த மனுஷன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிறேன்."

மறுநாள் ஏழாம் நம்பர் பேட்டரிக்கு மெல்லிசாக ஒரே பூச்சு போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அது முந்நூறு சுற்றைத் தாண்டி ஓடியது. "பாத்தீங்களா, மூணு பூச்சு!" என்று டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்டப் படமெல்லாம் தயார் செய்துவிட்டார்.

"சொன்னா வேலை போயிடும். சொல்லலன்னா என் கை செஞ்சது பொய்யாப் போயிடும்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலத்தில் எனக்கு வேலை இருக்காது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும்.

பார்வையிடுகிறவர்கள் வரவேண்டிய அன்று காலையில் தன் குறிப்பு நோட்டை டாக்டரிடம் நீட்டினாள். ஒன்பது வருஷமாக அதை யாரும் புரட்டியதில்லை. அந்தத் தைரியத்தில் என்னென்னவோ எழுதி வைத்திருந்தது நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்ததாம். திரும்பப் பிடுங்கவா முடியும்?

'ஏழாம் நம்பர்: ஒரே பூச்சு. டாக்டர் சொன்னது மூன்று.' அவர் முகம் தொங்கிப்போயிற்று. முன்பக்கங்களைப் புரட்டினார்.

"'டாக்டரின் காது இரண்டும் தன் பேச்சைக் கேட்க மட்டும்.' இது என்னம்மா?"

"அது... ஒம்பது வருஷம் சோதிச்சுப் பாத்த முடிவு சார்."

அவள் வாய்க்கு மட்டும் எந்தப் பூச்சும் கிடையாது. வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் வந்தவர்களிடம், "ஒரே பூச்சு. இவங்க செஞ்சது" என்றார். அவர்கள் போனதும் பெட்டிப் பக்கம் வந்தார்.

"அடுத்ததுக்கு எத்தனை பூச்சும்மா போடலாம்?" கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. மூக்கு வேறு அரித்தது. கண்ணாடியில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் அவள் காத்திருந்தாளே, அவர் இரண்டு நிமிஷம் நிற்கட்டுமே.