ஒரு புள்ளிக்குள் முந்நூறு பிள்ளைகள்

மேற்கு இங்கிலாந்தில் எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கில்லியன் ட்ரெகென்சா இருபத்திரண்டு வருடம் புள்ளியியலாளராக இருந்தார். அத்தனை வருடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: பிள்ளைகள் வகுப்புக்குள் இருக்கிறார்கள், வகுப்பு பள்ளிக்குள் இருக்கிறது, கணக்குப் போடும்போது இதை மறக்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு சம்பளமா என்று கேட்பீர்கள். மறக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சம்பளம்.

கோபம் வந்தால் இஞ்சி பிஸ்கட்டை டீயில் நனைக்காமலே கடிப்பார். அடுத்த மேஜைத் துணைப் புள்ளியியலாளன் நான். அந்தச் சத்தத்தை வைத்தே கூட்டத்தில் என்ன நடந்ததென்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் கல்விக் குழுத் தலைவர் ரோலண்ட் பாஸ்கோம்ப் ஒரு வரைபடத்தோடு வந்தார். எண்பது பள்ளிகள், எண்பது புள்ளிகள், நடுவே கீழே சரியும் ஒற்றைக் கோடு. ஒரு புள்ளிக்குள் முந்நூறு பிள்ளைகள் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசிப்பு உதவியாளர்கள் அதிகமுள்ள பள்ளிகளில் மதிப்பெண் குறைவாம். ஆகவே பிள்ளைகளைக் கெடுப்பதே உதவியாளர்கள்தானாம். அறுபத்திரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார்.

மதிப்பெண் குறைவாக இருந்ததால்தான் அவர்களை அங்கே அனுப்பினோம். அனுப்பிய உத்தரவில் கையெழுத்துப் போட்ட புண்ணியவானும் பாஸ்கோம்ப்தான்.

கில்லியன் மூன்று வாரம் நாற்காலியை விட்டு எழவில்லை. உதவியாளர் இருந்த முப்பத்தொன்பது பள்ளிகளுக்குள்ளும் தனித்தனியாகப் புகுந்தார். ஒரே வகுப்பில், வருட ஆரம்பத்தில் ஒரே நிலையில் வாசித்த பிள்ளைகளில், உதவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார். முப்பத்தேழு பள்ளிகளில் உதவி கிடைத்த பிள்ளைகளே முன்னேறியிருந்தார்கள். பள்ளிக்கு ஒரு கோடாக வரைந்து குழுக் கூட்டத்தில் வைத்தார்.

"பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டா ஒரு கதை. உள்ள இருக்கிற பிள்ளைங்களை ஒப்பிட்டா நேர்மாறு. நீங்க வெட்டப்போறது பிள்ளைங்களுக்குக் கிடைக்கிற உதவியை, ரோலண்ட்."

"உங்க படத்துல கோடு ஜாஸ்தி, கில்லியன். என்னுதுல ஒண்ணுதான்," என்றார் அவர்.

ஒற்றைக் கோட்டுக்கு ஏழு வாக்கு, முப்பத்தொன்பது கோட்டுக்கு இரண்டு.

கோடை விடுமுறைக்கு முன் அறுபத்திரண்டு பேரும் போனார்கள். அவர்களில் டோரீன் என்ற பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கே வந்து ஒரு தாளைக் கொடுத்தார். பதினொரு பிள்ளைகளின் பெயர், யார் எந்தப் பக்கம் வரை வாசித்திருக்கிறார்கள் என்ற விவரம். யாரிடம் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

மறு வருடம் அந்தப் பள்ளிகளின் மதிப்பெண் இன்னும் சரிந்தது. பாஸ்கோம்ப் மட்டும் பூரித்துப்போய் ஒரு அறிக்கையோடு வந்தார். உதவியாளருக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு அடியோடு மறைந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறையாமல் என்ன செய்யும், உதவியாளர்தான் ஒருவர்கூட இல்லையே. புள்ளியியலாளர் கையெழுத்து வேண்டுமென்றார்.

"மார்க் விழுந்திருக்கே?" என்று கில்லியன் கேட்டார்.

"விழுந்திருக்கு. ஆனா இந்தத் தடவை உதவியாளர்களைக் குத்தம் சொல்ல முடியாதே."

கில்லியன் பேனாவைத் தொடவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். அதனால் அறிக்கை ஒன்றும் நின்றுவிடவில்லை. அதன் அடியில் இருப்பது என் கையெழுத்து.