வெட்டாமல் விட்ட பதினோரு விநாடி

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற எக்ஸ்ரே அக்காவின் மகளுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் ரேடியோ. காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் வாசற்படியைத் தாண்டிவிட்டால் யாரோ திருகி அணைத்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது, அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள், வரையச் சொன்னால் வரைவாள், பெயரைக் கேட்டால் மட்டும் தன் செருப்பைப் பார்ப்பாள்.

புதன்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியிருந்தார். மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கிற சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதற்கான படிவம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி எல்லாம் மையால் எழுதியாகிவிட்டது. தாயின் கையெழுத்துதான் பாக்கி. வாய்மொழித் தேர்வில் சைபர் வாங்கும் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்ப விதியில்லை என்றார் அவர். வீட்டில் இவள் வாயை மூட வைக்கவே முடியாது என்று அம்மா சொன்னாள். எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் தலைமையாசிரியை. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அப்படின்னா ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. வெளியாள்கிட்ட பேசறதா இருக்கணும். சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க."

சனிக்கிழமை ரேடியோவுக்கு ஏழு வயது முடிகிறது. பிறந்தநாள் என்றால் வெளியாள் வருவார்கள், கையில் போன் இருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்மா பலூன் வாங்கினாள், காகிதத் தொப்பி வாங்கினாள், கிரீம் ரோஜா வைத்த சதுரக் கேக்குக்குச் சொல்லிவைத்தாள். கணவன் சரக்கு லாரியோடு போயிருந்தான், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவான். துணைக்கு அவள் தம்பி வந்தான். செல்போன் கடையில் வேலை, ஓய்வு நேரத்தில் ஊரார் வீட்டு விசேஷங்களுக்கு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். "ஜாலியா ஒரு பர்த்டே வீடியோ எடுக்கிறோம், அவ்வளவுதான், நீ மூஞ்சியை இப்படி வெச்சுக்காதே" என்று அக்காவை எச்சரித்துவிட்டு, தன் போனை ஃபிரிஜ் மேல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து ஓடவிட்டான். அவள் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஆறு பிள்ளைகள், நாலு பெரியவர்கள், பத்துக்குப் பத்து அறை. அவள் போனோடு மகளின் பின்னாலேயே சுற்றினாள். யார் மகளிடம் குனிந்தாலும் இவள் கையும் அங்கே நீண்டது. பக்கத்துவீட்டுப் பையன் பரிசை நீட்டி ஏதோ கேட்டான். எதிர்வீட்டு அம்மாள் சட்டை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டாள். எடுத்தாகிவிட்டது, எடுத்தாகிவிட்டது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மெழுகுவத்தி ஏற்றியபோதுதான் மானம் போயிற்று. பதினாலு வருடமாக எக்ஸ்ரே அறையில் நோயாளிகளுக்கு உத்தரவு போட்டுப் பழகிய வாய். மகள் கன்னத்தை உப்பி ஊதத் தயாரானதும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பழக்கதோஷத்தில், "மூச்சைப் பிடி, அசையாதே" என்றுவிட்டாள். ரேடியோ அப்படியே பிடித்தாள். உப்பிய கன்னம், பிதுங்கிய கண், முகம் சிவந்து ஊதா நிறத்துக்குப் போகிறது. இவளோ 'விடு' என்று சொல்ல மறந்துவிட்டாள். பொறுக்கமாட்டாமல் பக்கத்துவீட்டுப் பையன் ஏழு மெழுகுவத்தியையும் ஒரே ஊதலில் அணைத்துவிட்டான். வீடு சிரித்தது. மறுபடி ஏற்றி, மறுபடி ஊதி, ஒருவழியாகக் கேக்கை வெட்டினார்கள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் தம்பி மடிக்கணினியைத் திறந்தான். ரேடியோ உள்ளறையில் புது வண்ணப்பெட்டியோடு தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவன் இரண்டு நிமிட வீடியோ ஒன்றைச் செய்து முடித்தான். பாட்டு, துள்ளல், பலூன் வெடிப்பு, ஊதா முகத்தைச் சுற்றிப் பறக்கும் நட்சத்திரங்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

"பேச்சு எங்கடா?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற முன்னுரையோடு, அவள் போனில் எடுத்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டான். பையன் கேட்கிறான்: இதில் என்ன இருக்கு சொல்லு பார்ப்போம். போனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்: பொம்மை, இல்லடா கண்ணு? எதிர்வீட்டு அம்மாள் கேட்கிறாள்: சட்டை யார் எடுத்தது? அம்மாவின் குரல்: அவங்க அப்பா. எத்தனை வயசு? ஏழு. எந்த வகுப்பு? ரெண்டு போகப் போறா. பிடிச்ச கலர்? பச்சை. ஒன்பது கேள்வி, ஒன்பதுக்கும் அதே குரல். கேள்வியின் கடைசிச் சொல் முடியுமுன்பே அது முந்திரிக்கொட்டையாக வந்து விழுந்தது. நடுவில் மகள் இருமுறை உதட்டைப் பிரித்து, பிரித்தபடியே மூடிக்கொண்டாள்.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் அறுபது பேர் நிற்பார்கள். எங்கே வலி என்று கேட்டால் ஒவ்வொருவரும் போன மழைக்காலத்தில் தொடங்குவார்கள். சீட்டைப் பார்த்து இவளே சொல்லிவிடுவாள்: இடது முழங்கால்தானே, ஏறிப் படுங்க. கை வேகமான ஆள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர்.

"விடுக்கா. மச்சான் அவ பேசறதை நிறைய ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காரில்ல?" என்றான் தம்பி. "அதுல ரெண்டு வரி எடுத்து இங்க ஒட்டிடலாம். உதடு அசையுதே, பொருந்திடும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அவன் ஒட்டினான். எதிர்வீட்டு அம்மாள் கேட்க, ரேடியோ தெளிவாக, "எங்க அப்பா" என்றாள். பொருந்தித்தான் இருந்தது. அக்கா இரண்டாம் தரம் ஓடவிட்டுப் பார்த்தாள். இதைக் கொடுத்தால் பிள்ளை தப்பிக்கும். தப்பித்து? நாளைக்கே தலைமையாசிரியை, எங்கே, எனக்கு ஒரு தரம் சொல்லு என்று கேட்டால் யாருடைய குரலை எங்கே ஒட்டுவது? மங்கலாக விழுந்த படத்தை மை தீட்டித் தெளிவாக்கினால் எலும்பு கூடிவிடுமா?

அழித்துவிடச் சொன்னாள். அவன் முறைத்தான். நாளைக்குப் பத்து மணி என்றான். ஃபிரிஜ் மேல் இருந்த போனில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வெறும் தலையும் தொப்பியும், ஐம்பது நிமிஷம், அதில் ஆட்டம் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிவிட்டேன் என்றான். தூக்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, அவனை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்தாள். படம் பார்த்துப் பழகிய கண். ஓட்டாமல், தாவாமல், மயிரிழை விரிசலைத் தேடுகிற மாதிரி பார்த்தாள்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அவளே படத்திலிருந்து வெளியேறினாள். குளிர்பானம் கொண்டுவந்த கடைக்காரனுக்குக் கதவு திறக்கப் போயிருந்த நேரம் அது. மேசையருகே கீழ்வீட்டுத் தையல்கார அம்மாள் கேக் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டையும் அளவெடுத்த மாதிரி ஒன்றுபோல் வெட்டுகிறவள். கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்:

"உனக்கு எது வேணும் கண்ணு?"

ரேடியோ கேக்கைப் பார்த்தாள். தையல்கார அம்மாள் காத்திருந்தாள். பாக்கெட்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவுசெய்ய முடியாமல் அரைமணி நேரம் நிற்கிற வாடிக்கைக்காரர்களைப் பார்த்தவள், அவளுக்கு என்ன அவசரம்? கத்தியில் ஒட்டிய கிரீமை விரலால் வழித்தாள், விரலைச் சப்பினாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் எண்கள் ஓடின. எட்டு. ஒன்பது. பத்து.

"ஓரத்துல இருக்கறது. ரோஜா வேண்டாம்."

"ஏன்?"

இதற்கு நான்கு விநாடிதான்.

"அது சோப்பு மாதிரி இருக்கும்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் மெதுவாக மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, கேள்வியையும் பதிலையும் சேர்த்து நடுவிலுள்ள வெறுமையை வெட்டப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை விட்டுடு."

"பதினோரு செகண்டுக்கா. ஒண்ணுமே நடக்கலை. போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். அதுதான் நடந்திருக்கு."

பாட்டும் நட்சத்திரமும் போனாலும் போகட்டும், இந்த அரை நிமிடம் போதும் என்றாள். தன் கலைக்கு மதிப்பே இல்லை என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே சேமித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை பத்து மணி. அறையில் மூன்று பேர், மேசைமேல் அதே படிவம். தலைமையாசிரியை போனைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். கேள்வி வந்தது. பிறகு அமைதி. அவர் விரல் திரையை நோக்கிப் போயிற்று.

"நின்னுடுச்சா?"

"இல்ல மேடம். ஓடிக்கிட்டுதான் இருக்கு."

விரல் அந்தரத்திலேயே நின்றது. பதில் வந்ததும் அவர் போனைக் கீழே வைக்காமல் மறுபடி ஒரு தரம் ஓடவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்மாவை விட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"சோப்பு எப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோ செருப்பைப் பார்த்தாள். அம்மாவுக்கு விடை தெரியும். போன வருடம் குளியலறையில் நடந்த கூத்து அது, நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், இறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று சன்னலைப் பார்த்தாள். இருபது விநாடியாவது போயிருக்கும். அப்போது வராந்தாவில் மணி அடித்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே, எறும்பு பேசின மாதிரி, மகள் ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த அவளுக்குக் கேட்டது. மேசைக்கு அப்பால் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" தலைமையாசிரியை அம்மாவைத்தான் கேட்டார்.

ஒரே ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் முடிந்தது.

"அவளையே கேளுங்க மேடம்."

மணி ஓய்ந்தது. மகள் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள், நீ ஏன் சொல்லவில்லை என்கிற பார்வை. அம்மா வாயைத் திறப்பதாக இல்லை என்று தெரிந்ததும், காது கேளாதவர்களிடம் பேசுகிற சலிப்போடு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"நக்கிப் பார்த்தேன்."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்தார், பார்த்தார், கிழிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வாய்மொழித் தேர்வை இப்போதே தன் அறையில் நடத்திவிடுவதாகச் சொன்னார்.

"நீங்க வெளிய இருங்க. இவ மட்டும்."

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. பதினோரு மணிக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வர நேரமாகும் என்று போன் செய்து சொன்னாள், எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள், தெரியாது என்றாள். கதவு தடித்த மரம், ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. பெருக்குகிறவள் அவள் காலைத் தூக்கச் சொல்லி, அடியில் பெருக்கிவிட்டுப் போனாள். அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ரேடியோ யாரையும் பார்க்காமல் தன் வகுப்புப் பக்கம் நடந்தாள்.

"பத்துக்கு ஆறு. பாஸ்தான்" என்றார் தலைமையாசிரியை. "ரெண்டு கேள்விக்கு வாயே திறக்கலை. ரெண்டு தப்பு."

"அந்தத் தப்பு ரெண்டையும் வாயைத் திறந்து சொன்னாளா மேடம்?"

"சொன்னா. தப்புன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறா. ஒட்டகத்துக்கு ஆறு கால்னு சாதிக்கிறா."