கடலாமைக்கு என்ன வயசு?

பழனிசெட்டிபட்டியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஏசுதாசனுக்குக் கார்ட்டூன் படம் என்றாலே எரிச்சல். கடல் படம் ஒன்று வந்துவிட்டால் போதும், கடைக்கு வரும் பிள்ளைகள் பேசுகிற ஆமையைக் கேட்கும்.

"படத்துல கடல் பூராம் சொந்தபந்தமாக் காட்டுறாய்ங்க. கடலாமை முட்டையப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காது. குஞ்சு தன்னந்தனியாத்தான் தண்ணிக்குப் போகும்" என்பார்.

"ஆமை முந்நூறு வருசம் உசுரோட இருக்குமாமே, அண்ணாச்சி?" என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"அம்பதோ எழுபதோ, ஒரு கணக்காத்தான் சொல்றாக. சரியாச் சொல்ல, பொறந்ததுலருந்து கூடவே இருந்து எண்ண ஆள் வேணும்ல?" என்றார் வெடுக்கென்று.

அந்த ஞாயிறு ஆராதனையில், பிறந்தநாள் கண்டவர்களை ஜெபத்துக்காக முன்னால் வரச் சொன்னார் போதகர். குடும்பம் குடும்பமாகப் போய் நின்றார்கள். ஏசுதாசனுக்கும் அந்த வாரம்தான் பிறந்தநாள். மனைவி ஜெபஷீலா இருந்தவரை கையைப் பிடித்து இழுத்துப் போவாள். போதகர் கேட்டால் வயசையும் அவளே சொல்வாள். பிள்ளைகள் இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "உங்களுக்கு என்ன வயசாகுது, அண்ணாச்சி?"

ஏசுதாசன் கொஞ்சம் யோசித்தார்.

"அறுபதோ அறுபத்தஞ்சோ... ஒரு கணக்கா வச்சுக்கங்க."