புள்ளி வீணாகக் கூடாது

எங்கள் அலுவலகத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றித் தருவார்கள். போன முறை ஒரு படிவம் வந்தது. பதினாறு அங்குலத் திரை, சாதாரண ரெசல்யூஷன். இல்லாவிட்டால் பதினான்கு அங்குலத் திரை, அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிக்சல் புள்ளிகள். நான் யோசிக்கவே இல்லை, பதினான்கில் டிக் அடித்தேன். ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியிலிருந்து மாதாப்பூர் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே போகிறவளுக்குத் தோளில் தொங்குவது லேசாக இருந்தால் நல்லதுதானே. இது வெளியே சொன்ன காரணம். பதினாறு அங்குலமெல்லாம் வயதானவர்களுக்கு என்பது சொல்லாத காரணம். எனக்கு அப்போது நாற்பத்தேழு.

புதுசு வந்தது. திறந்தால் எழுத்துகள் பழையதில் இருந்த அளவிலேயே இருந்தன. சப்பென்று போய்விட்டது. செட்டிங்ஸுக்குள் நுழைந்து பார்த்தேன். எல்லாவற்றையும் நூற்றைம்பது சதவீதமாகப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை புள்ளிகளைக் கொடுத்துவிட்டு அனுபவிக்க விடாமல் இது என்ன கூத்து? சட்டியில் ஒட்டிய குழம்பையும் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். நூறுக்கு இறக்கினேன். ஒரே பார்வையில் எழுபது வரி புரோகிராம் கோடு தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் முதல் தப்பு நடந்தது. ஒரே சாயலில் பெயர் வைத்த இரண்டு வேரியபிள்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருந்தேன். சரி, யாருக்கும் நடப்பதுதான். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு. இருபத்திரண்டு வருடமாகக் கோடு எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்புகள் என் பெயரில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

கண் டாக்டரிடம் போனேன். சுவரில் இருந்ததையும் கையில் கொடுத்த அட்டையையும் கடகடவென்று படித்தேன். கண்ணாடியை மாற்ற வேண்டியதே இல்லை என்றார். வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் அடுத்த கணக்கைப் போட்டேன். காரணம் கண் இல்லையென்றால் பிறகு மூளைதானே? என் அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் மறதி ஆரம்பித்தது. கேட்டதையே கேட்பாள். திருநெல்வேலி வீட்டில் அடுப்பில் வைத்த பால் கரிந்து புகைந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பயத்தை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. தப்பு நடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு ரயில்வேயில் வேலை. காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புவோம், மெட்ரோ ஸ்டேஷனில் என்னை ஸ்கூட்டரில் இறக்கிவிட்டுப் போவார். அந்த நாட்களில் தினமும் கேட் வரை வந்துவிட்டு, "கைக்குட்டைய மறந்துட்டேன், இந்தா வாரேன்" என்று திரும்ப உள்ளே ஓடுவார். ஒருநாள் கைக்குட்டை, ஒருநாள் பேனா. மறதி எனக்குத்தான் வருகிறது என்று பார்த்தால் இவருக்கும் வந்துவிட்டதே என்று எரிச்சலாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் குழப்பியது. எங்கள் அணியில் கோயம்புத்தூரிலிருந்தே வேலை செய்யும் பெண் ஒருத்தி உண்டு. வாரம் இரண்டு முறை நான் என் திரையை அவளுக்குப் பகிர்ந்து, இருவரும் போனில் பேசியபடியே நான் எழுதிய வரிகளைச் சரிபார்ப்போம். அப்போது மட்டும் தப்புகள் பளிச்சென்று கண்ணில் படும். ஆள் கூட இருந்தால் மூளை ஓடுகிறது, தனியாக விட்டால் நின்றுவிடுகிறது, இதுவும் அந்த வியாதியின் குணமாக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். கோடு எழுதுவதிலிருந்து விலக்கி வேறு வேலை கொடுங்கள் என்று மேலாளருக்கு ஒரு மெயிலை எழுதி டிராஃப்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஒரு பிழையைத் தேடியும் கிடைக்கவில்லை. மதியம் அவளைக் கூப்பிட்டுத் திரையைப் பகிர்ந்தேன்.

"அக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க்கா. கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

வழக்கமாக நானே பெரிதாக்கிவிட்டுத்தான் காட்டுவேன். பார்க்கிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. அன்றைய மனநிலையில் மறந்துவிட்டேன். கண்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து நான்கு முறை தட்டினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பிழை என் கண்ணில் பட்டுவிட்டது.

"அட, கண்டுபுடிச்சுட்டீங்களா! நான் இன்னும் பாக்கவே ஆரம்பிக்கலைங்க்கா" என்று சிரித்தபடி போனை வைத்தாள்.

எப்போதும்போல எழுத்தைத் திரும்பச் சின்னதாக்க விரல் மைனஸுக்குப் போனது. ஒரு தட்டு. இரண்டு. அங்கேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் மற்றவர்களுக்குப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு எனக்குச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடிந்ததால்தான் சந்தேகமே வரவில்லை. அட்டையில் பத்து வரியை முனைந்து படிப்பது ஒன்று, நாள் முழுக்க ஆயிரம் வரிமேல் கண்ணை ஓட்டுவது வேறு. எனக்குக் கண்ணும் கெடவில்லை, மூளையும் கெடவில்லை. கெடுத்தது என் கஞ்சத்தனம்தான். செட்டிங்ஸில் நூற்றைம்பதை மறுபடி வைத்தேன். முந்தின நாள் எழுதிய புரோகிராமைத் திறந்தேன். இன்னும் இரண்டு தப்புகள் வெட்கமில்லாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தன. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் அழுததில்லை.

டிராஃப்டை அழித்தேன். பதினாறு அங்குலம் கேட்டு அந்த இடத்திலேயே விண்ணப்பம் போட்டேன். இப்போது அதைத்தான் சுமக்கிறேன். நாற்பது வரிதான் தெரிகிறது, நாற்பதும் தெரிகிறது. தோள் வலிக்கிறது, வலிக்கட்டும்.

அன்று வீட்டுக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், அம்மாவைப் பற்றிய பயம் உட்பட. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது" என்றார். "அப்போ நாளையில இருந்து நான் கேஸ் மூடியிருக்கான்னு பாக்க உள்ள ஓட வேண்டாம்."